கடைசி டிஸ்க்கில் முதல் பாகம்

"கடைசி டிஸ்க்கைப் போட்டா முதல் பாகம் வருது" என்றார் ஓனரம்மா.

கீழ்வீட்டிலிருந்து மாடிப்படி ஏறி வந்த களைப்பில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு கையில் அந்த டிஸ்க். விளிம்பில் மட்டும் விரல் படும்படி பிடித்திருந்தார். அப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று அவருக்குப் பாடம் எடுத்ததே கண்ணாடிக்காரர்தான்.

"முதல் பாகமா?"

"அதேதான். அதே கலங்கரை விளக்கம், அதே மழை, அக்கா குடையில்லாம ஓடி வர்றா. நான்தான் மாத்திப் போட்டுட்டேனோன்னு திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன். மேல பத்துன்னுதான் போட்டிருக்கு."

கண்ணாடிக்காரர் டிஸ்க்கை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பத்து என்றுதான் அச்சடித்திருந்தது. கீறல் இல்லை, கைரேகை இல்லை. அவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவர். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, "கடைசி வரியைப் படிங்க" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர். அப்படிப்பட்டவருக்கு இந்தக் கடைசி டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஏனென்றால் அவர் அதைப் பார்த்ததே இல்லை.

இது வெளியில் தெரிந்தால் மானம் போய்விடும். மாடி வீட்டின் உள்ளறையில் தரையிலிருந்து கூரைவரை அலமாரி அடித்து, பழைய படங்களும் டிவி நாடகங்களுமாக அடுக்கி வைத்திருக்கிறார். கறுப்பு வெள்ளைக்கு ஒரு சுவர், கலருக்கு ஒரு சுவர், தொடர் நாடகங்களுக்கு ஒரு சுவர். அவற்றில் பாதிக்கு மேல், உறைமேல் சுற்றிய கண்ணாடித்தாளைக்கூடக் கிழிக்காதவை. கிழித்தால் மதிப்புப் போய்விடும் என்பது சேகரிப்பவர்களிடையே எழுதாத சட்டம். டிஸ்க் வாங்குவது வைத்திருப்பதற்கு. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், அது வேறு ஜாதி. இந்தத் தத்துவத்தை அவருடைய மனைவி பல வருடம் புரிந்துகொள்ள முயன்று, பிறகு கைகழுவிவிட்டார்.

"அவசரமே இல்ல சார். மெதுவாப் பாருங்க. எத்தனை நாள் ஆனாலும் சரி" என்று சொல்லிவிட்டு ஓனரம்மா கீழே இறங்கினார்.

உள்ளே மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பள்ளியில் கணக்கு டீச்சர். சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"அவசரமில்லைன்னா சொன்னாங்க?"

"ஆமா. நல்ல மனுஷி."

"நல்ல மனுஷிதான். ஆனா கோபமா இருக்காங்க."

"கோபமா எங்க இருந்தாங்க? சிரிச்சுக்கிட்டேதானே சொன்னாங்க."

"ஏங்க, எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் 'அவசரமில்ல டீச்சர்'னு சொன்னா அன்னைக்கே முடிச்சுக் கொடுத்துடணும்னு அர்த்தம். ஒன்பது டிஸ்க் வரைக்கும் ஆசையை வளர்த்துவிட்டு, கடைசியில கையை விரிச்சா யாருக்குத்தான் கோபம் வராது? அந்தக் கோபத்துல அன்னைக்குப் பாதியில விட்ட பேச்சை முடிச்சாங்கன்னா நாம எங்க போறது?"

கண்ணாடிக்காரர் டிஸ்க்கை மேஜைமேல் மெதுவாக வைத்தார்.

அந்தப் பாதிப் பேச்சுதான் விஷயமே. சில மாதங்களுக்கு முன் ஓனரம்மா ஒரு நாள் மாடிக்கு வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு, "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல. என் தங்கச்சி மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. தனியா ஒரு வீடு வேணும்னு கேக்கறான். இந்த மாடியை..." என்று ஆரம்பித்தார். அதற்குள் அவர் கண் அலமாரியில் போய் நின்றது. 'கலங்கரை வீடு' என்ற பழைய தொடரின் பத்து டிஸ்க் பெட்டி.

"இது... இதை நான் கல்யாணத்துக்கு முன்னாடி பார்த்தது. பாதியில வீடு மாறி, டிவி இல்லாமப் போச்சு. அந்த அக்கா கப்பல்காரனைக் கட்டிக்கிட்டாளா, இல்லையா?"

கண்ணாடிக்காரருக்கு அது தெரியாது. ஆனால் சமயம் தெரியும். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கண்ணாடித்தாளைத் தன் கையால் கிழித்து, "நீங்களே பார்த்துத் தெரிஞ்சுக்கங்க அம்மா" என்று முதல் டிஸ்க்கை எடுத்து நீட்டினார். ஓனரம்மா அதை வாங்கிக்கொண்டு போனார். தங்கச்சி மகன் அந்தரத்தில் நின்றுவிட்டான்.

அன்றிலிருந்து வாரம் ஒரு டிஸ்க். மாடியைப் பற்றி அதன்பின் மூச்சு இல்லை. கண்ணாடிக்காரர் ஒரு திட்டமே போட்டு வைத்திருந்தார். கடைசி டிஸ்க் முடிந்து, மனம் நிறைந்து, கண் கலங்கி ஓனரம்மா உட்கார்ந்திருக்கும்போது, "அம்மா, இன்னும் மூணு வருஷத்துக்கு வாடகை ஒப்பந்தம் எழுதிக்கலாமா?" என்று கேட்டுவிட வேண்டும். அந்த நேரத்தில் யாராலும் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

வீடு போனால் இன்னொரு வீடு கிடைக்காதா என்று கேட்கலாம். கிடைக்கும். ஆனால் போன தடவை வீடு மாறியபோது டிஸ்க் மூட்டைகளைத் தூக்கி டீச்சரின் இடுப்புப் பிடித்துக்கொண்டது. இன்றுவரை விடவில்லை. அன்றைக்குப் படுக்கையில் படுத்தபடியே அவர் ஒரு முடிவு சொன்னார். "இன்னொரு தடவை வீடு மாறினா இந்த டிஸ்க்குங்க நம்மகூட வராது. எடைக்குப் போடுவீங்களோ, தானம் பண்ணுவீங்களோ, அது உங்க பாடு." டீச்சர் ஒன்று சொன்னால் சொன்னதுதான். மூன்று சுவர்களும் இப்போது அந்தப் பத்தாவது டிஸ்க்கில் தொங்கிக்கொண்டிருந்தன.

மறுநாள் காலையில் கண்ணாடிக்காரர் கீழ்வீட்டுக்குப் போனார். அங்கே மெக்கானிக் தம்பி இருந்தான்.

இவனை அவருக்கு முதல் டிஸ்க் கொடுத்த நாளிலிருந்தே தெரியும். அன்றைக்கு டிவிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு, கையில் ஸ்க்ரூ டிரைவருடன் ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தான். "என்ன மெக்கானிக் தம்பி, கனெக்‌ஷன் எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார். அவன் ஓனரம்மாவைப் பார்த்தான். ஓனரம்மா சுவரைப் பார்த்தார். "சரியா இருக்கு சார்" என்றான். அதன் பிறகும் அடிக்கடி அவன் அங்கே தென்பட்டான். ஒரு டிவிக்கு இவ்வளவு ரிப்பேரா என்று கண்ணாடிக்காரர் யோசித்ததில்லை. பழைய டிவி, வரத்தான் செய்யும்.

"டிஸ்க்ல கோளாறு இல்லம்மா" என்றார். "பிளேயர்லதான். உள்ள ஒரு லென்ஸ் இருக்கு. அதுல அழுக்குப் படிஞ்சா இப்படித்தான் முன்னாடி ஓடினதையே மறுபடி ஓட்டும்."

இப்படியொரு வியாதி எந்தப் பிளேயருக்கும் உலகத்தில் வந்ததில்லை. ஆனால் லென்ஸ் என்ற சொல் வாயில் வந்ததும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. லென்ஸ் அவர் தொழில். கடையிலிருந்து கொண்டுவந்திருந்த திரவத்தை எடுத்தார். மூக்குக் கண்ணாடி துடைக்கிறது.

"சார், அதைப் போடலாமா?" என்று மெக்கானிக் தம்பி இழுத்தான்.

"தம்பி, நான் தினம் எத்தனை லென்ஸ் துடைக்கறேன் தெரியுமா?"

மூடியைக் கழற்றி, தாராளமாகத் தெளித்து, மெத்தென்ற துணியால் துடைத்தார். லென்ஸ் பளபளவென்று ஆனது. பிளேயர் ஒரு தடவை முனகியது. பிறகு எந்த டிஸ்க்கைப் போட்டாலும் துப்பியது. அதன் பிறகு துப்பக்கூட இல்லை.

ஓனரம்மா முகத்தில் ஏனோ வருத்தமே இல்லை. "போனாப் போகுது சார். ரிப்பேர் பண்ண ரெண்டு மூணு மாசம் ஆகுமோ?" என்று கேட்டார்.

"மாசக்கணக்குல காத்திருக்க வைப்பேனா உங்களை? என் பிளேயரைக் கொண்டு வர்றேன்" என்று மாடிக்கு ஓடினார்.

மெக்கானிக் தம்பி பின்னாலேயே ஓடி வந்து, ஒயரைச் சுருட்டி, பிளேயரைத் தூக்கிக்கொண்டு போய், அவனே மாட்டினான். பத்தாவது டிஸ்க்கைப் போட்டார்கள். கலங்கரை விளக்கம் வந்தது. மழை வந்தது. அக்கா குடையில்லாமல் ஓடி வந்தாள்.

மாலையில் டீச்சர் வீடு திரும்பியதும், இடுப்புக்கான உடற்பயிற்சி டிஸ்க்கை எடுத்துவைத்துவிட்டுப் பாயை விரித்தார். டிவிக்குக் கீழே தூசி படியாத ஒரு செவ்வகம் மட்டும் இருந்தது.

"பிளேயர் எங்க?"

கண்ணாடிக்காரர் சொன்னார்.

"ஆக, அவங்க பிளேயரையும் உடைச்சு, நம்ம பிளேயரையும் கொடுத்து, டிஸ்க்கும் ஓடல. கழிச்சு, கழிச்சு, மைனஸ்ல வந்து நிக்கறீங்க" என்றார் டீச்சர். பாயைச் சுருட்டும்போது இடுப்பில் சுரீர் என்றது. அன்றைக்கு அவர் வேறெதுவும் பேசவில்லை. அதுதான் கண்ணாடிக்காரரை ரொம்பவும் பயமுறுத்தியது.

அடுத்து அவருக்குத் தோன்றியது, முடிவை வாயாலேயே சொல்லிவிடுவது. கண்ணாடிக் கடையில் பில் போடும் அம்மாள் சிறு வயதில் அந்தத் தொடரைப் பார்த்திருந்தார். "நல்லா ஞாபகம் இருக்கு. அக்கா கப்பல் ஏறிடுவா" என்றார். ஃபிரேம் சப்ளை செய்ய வருகிறவர், "கப்பல்ல ஏறினது தங்கச்சி. அக்கா விளக்கை அணைச்சுட்டு ஊரை விட்டே போயிடுவா" என்றார். இருவருக்கும் வாக்குவாதம் முற்றி, சோதனை நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிழவர், "கலங்கரை விளக்கமே இடிஞ்சு விழுந்துடும்பா" என்று முடித்துவைத்தார். கண்ணாடிக்காரர் மூன்றில் எது சந்தோஷமானது என்று யோசித்து, கப்பலைத் தேர்ந்தெடுத்தார்.

"அம்மா, கடைசியில என்ன ஆகுதுன்னு நானே சொல்லிடறேன். அந்த அக்கா..."

ஓனரம்மா சட்டென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"வேண்டாம் சார். சொல்லிடாதீங்க. முடிவு தெரிஞ்சா அப்புறம் எனக்கு என்ன இருக்கு?"

"சொல்லட்டுமே. எப்படியாவது முடிஞ்சா சரிதானே?" என்றான் மெக்கானிக் தம்பி, டிவிக்குப் பக்கத்திலிருந்து.

ஓனரம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டு ஒயரைத் திருகினான். கண்ணாடிக்காரருக்கு அவமானமாக இருந்தது. ஒரு ரசிகையின் மனசு ஒரு மெக்கானிக்குக்குப் புரியாது, சரி. தனக்குமா புரியவில்லை? ஓனரம்மாவின் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. இனி அசல் டிஸ்க்கைக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தார்.

ஊரில் 'கலங்கரை வீடு' வைத்திருக்கிற மற்றவர்களில் ஒருவர் பல் டாக்டர். சேகரிப்பில் இருவரும் பரம எதிரிகள், ஆகையால் நெருங்கிய நண்பர்கள். கண்ணாடிக்காரர் போனபோது டாக்டர் ஒரு நோயாளியின் வாய்க்குள் குனிந்திருந்தார்.

"வாங்க கண்ணாடி. பல்வலியா?"

"டிஸ்க் வலி டாக்டர். உங்க 'கலங்கரை வீடு' கடைசி டிஸ்க்கைக் கொஞ்சம் கொடுங்க. பார்த்துட்டுத் தந்துடறேன்."

டாக்டர் கருவியை நோயாளியின் வாயிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"பார்க்கணுமா? எதுக்கு?"

"நாடகம் டாக்டர். பார்க்கறதுக்குத்தான்."

"என்னுது இன்னும் சீல் பிரிக்காதது. பிரிச்சா அப்புறம் அது வெறும் பிளாஸ்டிக்." டாக்டருக்கு உண்மையிலேயே மனசு நொந்துபோனது. "நீங்களா இப்படிக் கேக்கறது? உங்ககிட்ட நான் இதை எதிர்பார்க்கல."

"ஆ... ஆ" என்றார் நோயாளி.

"கொஞ்சம் பொறுங்க. சரி, பிரிக்கணும்னா நான் இழக்கறதுக்குச் சமமா நீங்களும் ஒண்ணை இழக்கணும். உங்க கறுப்பு வெள்ளைச் சுவர்ல நடுவுல ஒண்ணு இருக்கே, பேசாத படம், மரப்பெட்டியோட. அதைக் கொடுங்க."

அந்த மரப்பெட்டியைத் துடைப்பதற்கென்றே கண்ணாடிக்காரர் தனியாக ஒரு துணி வைத்திருந்தார். மனைவிக்கு ஜுரம் என்றால் லீவு போடத் தயங்குகிறவர், அதை வாங்குவதற்காக லீவு போட்டு வெளியூர் போய்வந்தவர். அன்று மாலை அதை ஒரு துண்டில் சுற்றி, டாக்டரிடம் கொடுத்தார். டாக்டர் சின்னக் கத்தரிக்கோலால், ஈறைக் கீறுகிற கவனத்தோடு கண்ணாடித்தாளைக் கீறினார். பிரிந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கீழ்வீட்டில் டிஸ்க் ஓடியது. கலங்கரை விளக்கம் வந்தது. மழை வந்தது.

"குடை எங்கடி உன் குடை" என்று மெக்கானிக் தம்பி தலையில் கைவைத்து முணுமுணுத்தான். ஓனரம்மா, "பாவம், இவளுக்கு நனையறதே வேலையாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, ஏதோ நிம்மதியோடு டீ போட எழுந்து போனார்.

விஷயம் பிறகுதான் புலப்பட்டது. டாக்டர் பதறிப்போய்ச் சேகரிக்கிற நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டார். ஒவ்வொருவராக மனசில்லாமல் சீல் பிரித்தார்கள். எல்லோருடைய பத்தாவது டிஸ்க்கிலும் முதல் பாகம். தயாரிக்கும்போதே ஆன தவறு. இத்தனை வருடமாக ஒருவர்கூடப் புகார் செய்யவில்லை. காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் இப்போது ஊரிலுள்ள அத்தனை 'கலங்கரை வீடு'ம் சீல் பிரிந்து, மதிப்பிழந்து, அதற்கெல்லாம் காரணம் கண்ணாடிக்காரர் என்று ஆகிவிட்டது. டாக்டர் மரப்பெட்டியைத் திருப்பித் தரவில்லை. "பிரிச்சது பிரிச்சதுதான் கண்ணாடி" என்றார்.

ஆக, பேசாத படம் போயிற்று. நண்பர்கள் பேசாமல் போனார்கள். மனைவி ஏற்கெனவே அவ்வளவாகப் பேசுவதில்லை. எல்லோரும் கைவிட்ட அந்த நிலையில் ஒரே ஒருவன் மட்டும் கைகொடுத்தான்.

"விடக் கூடாது சார்" என்றான் மெக்கானிக் தம்பி. "தப்பு நடந்தது முதல்ல வெளிவந்த பதிப்புல. பின்னாடி திருத்தி மறுபடி போட்டிருப்பாங்க இல்ல? அதைத் தேடுவோம்."

தேடினான். அப்படியொரு தேடலைக் கண்ணாடிக்காரர் எந்தச் சேகரிப்பாளரிடமும் கண்டதில்லை. பழைய டிஸ்க் விற்கிற கடைகளையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிப் போன் போட்டான். வீடியோ வாடகைக் கடை நடத்தி மூடியவர்களின் வீட்டுக் கதவைத் தட்டினான். கண்ணாடிக்காரரைப் பைக்கில் பின்னால் உட்காரவைத்து வெயிலில் அலைந்தான். பெட்ரோலுக்குக்கூட ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை.

"உனக்கு எதுக்குத் தம்பி இவ்வளவு சிரமம்?"

"இது முடிஞ்சாத்தான் சார் எனக்கு நிம்மதி. ராத்திரி படுத்தா அந்தக் கலங்கரை விளக்கம்தான் கண்ணு முன்னாடி சுத்துது."

கண்ணாடிக்காரர் நெகிழ்ந்துபோனார். ஒரு பழைய நாடகத்தின் முடிவுக்காக இப்படித் தவிக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்? தான் இத்தனை வருடம் சேர்த்தும் தனக்கே வரவில்லையே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு பழைய சாமான் கடையில் அது கிடைத்தது. திருத்திப் போட்ட பதிப்பு, பத்தாவது டிஸ்க். கடைக்காரரின் சின்ன டிவியில் போட்டுப் பார்த்தார்கள். மழை இல்லை, வெயில். அக்கா கையில் ஒரு பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். மெக்கானிக் தம்பி கடைக்காரரைக் கட்டிப்பிடிக்காத குறை.

"தனியாத் தர முடியாது" என்றார் கடைக்காரர். "அது இந்த லாட்ல சேர்ந்தது. எடுத்தா எல்லாத்தையும் எடுங்க."

லாட் என்று அவர் காட்டியது நான்கு பெரிய அட்டைப்பெட்டிகள். உள்ளே சமையல் பாடம், மீன் பிடிக்கும் கலை, யாரோ யாருக்கோ எடுத்த கல்யாண வீடியோக்கள். வீட்டுக்குள் இனி ஒரு டிஸ்க் கூட நுழையக் கூடாது என்பது டீச்சரின் நிரந்தர உத்தரவு. கண்ணாடிக்காரர் கையைப் பிசைந்தார். மெக்கானிக் தம்பி அதற்குள் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டான்.

பெட்டிகள் மாடிப்படி ஏறும்போது கீழ்வீட்டுக் கதவு திறந்தது.

"என்ன சார் இது? பெட்டியெல்லாம்... சாமான் கட்டறீங்களா?" ஓனரம்மாவின் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "யாராவது உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லம்மா, சந்தோஷமான விஷயம்தான். கடைசி டிஸ்க் கிடைச்சுடுச்சு."

ஓனரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கிடைச்சுடுச்சா" என்றார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பரவசம் என்றால் இதுதான் என்று கண்ணாடிக்காரர் நினைத்தார்.

டீச்சர் பெட்டிகளை எண்ணிப் பார்த்தார். கணவனைப் பார்த்தார். "இன்னைக்கே எல்லாத்தையும் வெளிய போட்டுடறேன்" என்று கண்ணாடிக்காரர் அவசரமாகச் சொன்னார்.

"டிஸ்க்கை வேணா போடுங்க சார், அட்டைப்பெட்டியைப் போட்டுடாதீங்க" என்றான் மெக்கானிக் தம்பி, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. "நல்ல கெட்டியான பெட்டி. எப்பவாவது உதவும்."

எவ்வளவு பொறுப்பான பையன் என்று டீச்சரே சொன்னார். சண்டை அத்தோடு ஓய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழ்வீட்டுக் கூடத்தில் நால்வரும் உட்கார்ந்தார்கள். ஓனரம்மா சோபாவில். இடுப்புக்குத் தலையணை வைத்து டீச்சர் அவர் பக்கத்தில். கண்ணாடிக்காரர் நாற்காலியில். மெக்கானிக் தம்பி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையில்.

படம் ஆரம்பித்ததுமே ஓனரம்மாவுக்கு டீ போட வேண்டும் என்று தோன்றியது. நிறுத்தினார்கள். டீ வந்தது. பிறகு பிஸ்கட் இல்லையே என்று ஞாபகம் வந்தது. பிறகு யாருக்கோ போன் செய்ய வேண்டியிருந்தது. பாதியில், "கண்ணு எரியுது, மீதியை அடுத்த வாரம் பார்ப்போமா?" என்றார்.

"கண்ணா? நான் செக் பண்றேன்மா" என்று கண்ணாடிக்காரர் எழுந்தார். ஓனரம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"இன்னும் கொஞ்சம்தான் இருக்கு" என்றான் மெக்கானிக் தம்பி. ரிமோட்டை விடவில்லை.

கண்ணாடிக்காரர் தன் சேகரிப்பில் உள்ள ஒன்றை இப்படி உட்கார்ந்து பார்ப்பது இதுவே முதல் தடவை. பத்து நிமிடத்தில் தான் எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டார். அக்கா கப்பல் ஏறவும் இல்லை, விளக்கை அணைக்கவும் இல்லை. கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்குள் திரும்பி வந்து, அடுப்பைப் பற்றவைத்தாள். அவ்வளவுதான். கண்ணாடிக்காரர் அழுதுவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மங்கியது. இத்தனை வருடம் இதையெல்லாம் கண்ணாடித்தாளுக்குள் வைத்துப் பூட்டியிருந்தோமே என்று துக்கமாக இருந்தது. நாளையிலிருந்து ஒவ்வொன்றாகக் கிழிக்க வேண்டும், டீச்சரைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ஓனரம்மாவும் அழுதுகொண்டிருந்தார். டீச்சரின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"மாடியில நீங்க ரெண்டு பேரும் நடக்கற சத்தம் கேட்டாத்தான் டீச்சர் எனக்குத் தூக்கமே வருது" என்றார்.

டீச்சர் கணவனைப் பார்த்துக் கண்ணால் சொன்னார். இதுதான் நேரம்.

"அம்மா, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார்.

"இன்னைக்கு வேண்டாம் சார்." ஓனரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இன்னைக்கு யாரும் எதுவும் பேச வேண்டாம். ஒரு நாளாவது போகட்டும்." உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கலை ஒரு மனுஷியை இந்த அளவுக்கு அசைத்துவிடுமா என்று கண்ணாடிக்காரர் வியந்தார். மூன்று வருடம் என்ன, ஐந்து வருடத்துக்கே எழுதிக் கொடுப்பார். டீச்சர் தலையணையை எடுத்துக்கொண்டு மெல்ல மாடி ஏறினார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

வாசலில் மெக்கானிக் தம்பி பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்காரர் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நீ இல்லன்னா இந்த நாடகம் முடிஞ்சே இருக்காது."

"நான்தான் சார் உங்களுக்கு நன்றி சொல்லணும்" என்றான் அவன், முகமெல்லாம் மலர்ந்து. "நாடகம் முடியற வரைக்கும் மாடியைப் பத்தி மூச்சு விடக் கூடாது, நான் யாருங்கறதையும் உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு பெரியம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க, கல்யாணத்தைக்கூட ரெண்டு தடவை தள்ளிப் போட்டாச்சு, அதான் இப்ப முடிஞ்சுடுச்சே, எப்ப சார் காலி பண்றீங்க?"